சிப்பாயின் தோளில் ஏறும் சுமை

படைக்கலக் கண்காட்சியைப் பற்றிக் குடும்பப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று வாசக அன்பர்கள் கேட்கக்கூடும். பீரங்கியும் ஏவுகணையும் அரசாங்கங்களின் காரியம். அடுப்படிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பது நியாயமான கேள்விதான். ஆயினும் அத்தகைய கண்காட்சிகளில் ஒரு மூலை உண்டு. அங்கே சட்டை இருக்கும், காலணி இருக்கும், தண்ணீர்ப் புட்டி, முதுகுப்பை, கையுறை, தலைக்கவசம், மார்புக்கவசம் எல்லாம் இருக்கும். ஒரு சிப்பாய் தன் உடம்பின்மேல் தூக்கித் திரிகிற பொருள்கள் அவை. அவன் விடுப்பில் வரும்போது அவற்றில் பாதி நம் வீட்டுக் கொடியில்தான் காய்கின்றன. அந்த மூலையைப் பற்றி மட்டுமே நான் எழுதப்போகிறேன்.

எங்களுக்கு நாமக்கல்லில் தார்ப்பாய் தைக்கும் கடை. அத்தா தொடங்கியது, இப்போது அண்ணனும் நானும் நடத்திவருகிறோம். நாமக்கல் என்றாலே லாரி என்பது நாடறிந்த செய்தி. அடிச்சட்டமாக வந்து இறங்கும் வண்டிக்கு இங்கே கூண்டு கட்டி, வர்ணம் பூசி, பெயரெழுதி அனுப்புகிறார்கள். கூண்டு கட்டிய வண்டிக்குத் தார்ப்பாய் வேண்டும். மழைக்கும் வெயிலுக்கும் காற்றுக்கும் ஈடுகொடுத்து, அஸ்ஸாம் வரை போய்த் திரும்புகிற துணி அது. ஓரத்தை மடித்து, உள்ளே கயிறு கொடுத்துத் தைக்க வேண்டும். கயிறு கோக்கும் வளையங்களைச் சரியான இடைவெளியில் அடிக்க வேண்டும். எங்கே இழுவிசை அதிகமோ அங்கே துணியை இரட்டிக்க வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தையல் நெருக்கமாக இருந்தால் உறுதி என்று புதிதாகத் தொழில் பழகுகிறவர்கள் நினைப்பார்கள். நெருக்கிக் குத்திய ஊசித்துளைகள் வரிசையாக நின்று, இழுக்கும்போது தபால்தலை கிழிவதுபோல நேர்கோட்டில் கிழிந்துவிடும். பருத்திக் கித்தானுக்குப் பருத்தி நூலே நல்லது என்று அத்தா சொல்வார். மழையில் நூல் ஊறிப் பருத்து ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும். நைலான் துணிக்கு அந்தக் கணக்குச் செல்லாது. இவையெல்லாம் எந்தப் பள்ளியிலும் சொல்லித் தராத பாடங்கள். இந்தப் பாடங்களைக் கொண்டுதான் நான் படைக்கலக் கண்காட்சியைப் பார்த்தேன் என்பதால் இங்கே விரித்துச் சொல்லவேண்டியதாயிற்று.

அக்கா மகன் 2014-ஆம் ஆண்டில் காலாட்படையில் சேர்ந்தான். 2017-இல் விடுப்பில் வந்தபோது ஒரு முதுகுப்பையைக் கொண்டுவந்து கடையில் வைத்தான். வடக்கே ஓர் ஊரின் கடைத்தெருவில், தன் கைக்காசில் வாங்கியது.

“மாமா, இந்த வார் தோளை அறுக்குது. ரெண்டு மணி நேரம் நடந்தா கை மரத்துப்போகுது. இதை ஏதாச்சும் பண்ண முடியுமா?” என்றான்.

பையை மேசைமேல் கவிழ்த்துத் தையலைப் பிரித்தேன். குறை உடனே புலப்பட்டது. வார் பையின் முதுகோடு சேரும் இடத்தில் ஒரே கோடாக மூன்று வரிசைத் தையல் போட்டிருந்தார்கள். பாரம் முழுவதும் அந்தக் கோட்டின் மேல்முனையில் தொங்கியது. நூல் அறுந்திருக்கவில்லை, துணிதான் பிளந்துகொண்டு வந்தது. வாரின் உள்ளே வைத்திருந்த பஞ்சு நைந்து, தோளில் உட்காரவேண்டிய அகலமான பட்டை ஒரு கயிறாகச் சுருண்டுவிட்டிருந்தது. சுமை பரவாமல் ஒரே இடத்தில் அழுத்தினால் நரம்பு நசுங்கும். கை மரத்துப்போவதற்கு அதுவே காரணம். இடுப்புப்பட்டையோ பேருக்கு இருந்தது. நல்ல முதுகுப்பையில் சுமையின் பெரும்பகுதியை இடுப்பெலும்பு தாங்க வேண்டும். தோள் பிடிமானத்துக்கு மட்டுமே. கிணற்றடியிலிருந்து குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும் நம் பெண்களுக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

வாரின் அடியைச் சதுரமாகத் தைத்து, நடுவே பெருக்கல் குறிபோல இரண்டு குறுக்குத் தையல் போட்டேன். லாரித் தார்ப்பாயின் மூலைக்கு நாங்கள் போடும் அதே தையல். உள்ளே நைந்த பஞ்சை எடுத்துவிட்டு, இருக்கை தைப்பவரிடம் கெட்டியான ரப்பர்ப் பஞ்சு வாங்கி வைத்தேன். இடுப்புப்பட்டைக்கு இருவிரல் அகல நாடாவை மாற்றி நான்கு விரல் அகல நாடா போட்டேன். அரை நாள் வேலை. பையன் அதில் மணல்மூட்டை வைத்து, கோட்டையிருக்கும் பாறைமேல் ஏறி இறங்கிவந்து, “இப்ப சரியா இருக்கு மாமா” என்றான். அக்கா அன்றிரவு என்னிடம் பேசியதெல்லாம் ஒரே கேள்வி. “மத்த பிள்ளைகளோட பையை யார் தைச்சுக் கொடுப்பாங்க?”

அந்தக் கேள்வியோடுதான் 2018 ஏப்ரலில் சென்னைக்குப் புறப்பட்டேன். மத்திய அரசின் பாதுகாப்புத் துறை இரண்டாண்டுக்கு ஒருமுறை நடத்திவந்த ‘டெஃப் எக்ஸ்போ’ என்னும் பன்னாட்டுப் படைத்தளவாடக் கண்காட்சி, அவ்வாண்டு ஏப்ரல் 11 முதல் 14 வரை தமிழ்நாட்டில் நடந்தது. அது பத்தாவது கண்காட்சி. நெடுங்காலம் டெல்லியில் நடந்துவந்து, 2016-இல் கோவாவுக்குப் போய், பின் இங்கு வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்கு முன்னதாக உள்ள திருவிடந்தையில் கடலோரமாகப் பெரும் பந்தல்கள் எழுப்பியிருந்தார்கள். உள்நாட்டு, வெளிநாட்டு நிறுவனங்கள் 600-க்கும் மேல். முதல் மூன்று நாட்கள் வணிகர்களுக்கும் படை அதிகாரிகளுக்கும். கடைசி நாள் பொதுமக்களுக்கு. நான் போனது அந்தக் கடைசி நாளில்.

கடற்கரை வெயிலையும் கூட்டத்தையும் வருணித்து வாசகர்களின் நேரத்தைப் போக்க விரும்பவில்லை. குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ஆவடியில் தயாராகும் அர்ஜுன் டாங்கியைக் கண்டு பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். பெரியவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் தேடிய பொருள்கள் பந்தல்களின் உட்புறத்தில், பெரிய நிறுவனங்களின் பளபளப்பான அரங்குகளுக்கு நடுவே ஒதுங்கியிருந்தன. அங்கே நெரிசல் இல்லை. சட்டை, காலணிகளின் முன்னால் யார் நின்று படம் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்!

ஓர் அரங்கில் பொம்மை மனிதனுக்கு மார்புக்கவசம் அணிவித்திருந்தார்கள். அனுமதி கேட்டுக் கையில் தூக்கிப் பார்த்தேன். முன்னும் பின்னும் தகடு செருகிய நிலையில் ஒரு சிறிய சிமெண்டு மூட்டையைத் தூக்குவதுபோல் இருந்தது. எடை என்னவென்று கேட்டேன். ஏறத்தாழ 10 கிலோ என்றார் அரங்கிலிருந்த இளைஞர். நான் எந்த நிறுவனத்தின் சார்பில் வந்திருக்கிறேன் என்று மரியாதையாகக் கேட்டார். நாமக்கல்லில் தார்ப்பாய்க் கடை என்றேன். சிரித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கவசத்தைத் திருப்பி உட்புறத் தையலைக் காட்டி, “இதைப் பற்றி உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்” என்றார். மூன்று நாட்களாக வந்து போனவர்கள் தகட்டின் விலையைத்தான் கேட்டார்களாம். தையலைப் பார்த்தவர் ஒருவருமில்லையாம்.

அந்த இளைஞர் பொறுமையாக விளக்கியவற்றையும், பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன். குண்டு துளைக்காத அங்கி என்று நாம் சொல்வதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று துணி, மற்றொன்று தகடு. துணிக்கான நூல்களில் பெயர்பெற்றது கெவ்லார். அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வேதியியலறிஞராக இருந்த ஸ்டெஃபானி குவோலெக் என்ற பெண்மணி 1965-இல் அதைக் கண்டறிந்தார். அவர் அப்போது தேடிக்கொண்டிருந்தது வண்டிச் சக்கரத்தின் டயருக்கு உரம் கூட்டும் இலேசான இழை. டயருக்கென்று தேடிய நூல் சிப்பாயின் மார்புக்கு வந்து சேர்ந்தது என்ற செய்தி நாமக்கல்காரனுக்கு எத்தனை இனிப்பானது என்று சொல்லவேண்டியதில்லை. அந்த நூலைப் பாவும் ஊடுமாக நெய்கிறார்கள். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் திருச்செங்கோட்டிலும் விசைத்தறியில் ஓடுகிற அதே பாவு, அதே ஊடு. குண்டு வந்து மோதும்போது பாவும் ஊடும் சந்திக்கும் புள்ளிகள் அதைப் பற்றிக்கொண்டு, அதன் வேகத்தை அக்கம்பக்கத்து இழைகளுக்குப் பகிர்ந்துவிடுகின்றன. இப்படிப் பல அடுக்குத் துணி ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்.

கைத்துப்பாக்கிக் குண்டுக்கு இந்தத் துணி போதும். ஆனால் எஃகு மூக்குள்ள துப்பாக்கிக் குண்டுக்குப் போதாது. அதற்காகத்தான் தகடு. போரான் கார்பைடு போன்ற மிகக் கடினமான பீங்கான் வகைப் பொருளால் ஆனது அது. குண்டு அதில் மோதியதும் குண்டின் மூக்குச் சிதைகிறது. தகடும் அந்த இடத்தில் நொறுங்குகிறது. சிதறுகிற துண்டுகளைப் பின்னாலுள்ள துணியடுக்கு வாங்கிக்கொள்கிறது. எனவே தகட்டைக் கீழே போட்டு விரிசல் விட்டால் அதன் காவல் குறைந்துவிடும். துணியிலும் ஒரு பலவீனம் இருக்கிறது: நனைந்தால் அதன் தாங்குதிறன் குறையும். ஆகையால் அதை நீர்புகாத உறைக்குள் வைத்து மூடுகிறார்கள். அந்த உறையில் ஊசி படக்கூடாது, வெப்பத்தால் ஒட்டுகிறார்கள். மேலே தெரிகிற சட்டையைத்தான் தைக்கிறார்கள். அந்தச் சட்டையின் தோள்பட்டைத் தையல்தான் பத்துக் கிலோவையும் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

இளைஞர் காட்டிய தையல் நன்றாகவே இருந்தது. ஒரேயிடத்தில் மட்டும் நாடாவின் அறுத்த முனையைத் தீயில் சுட்டு முடித்து வெறுமனே விட்டிருந்தார்கள். அந்தக் கூர்முனை நாளடைவில் கீழேயுள்ள துணியை அராவும். மடித்து உள்ளே செருகலாமே என்றேன். அவர் குறித்துக்கொண்டார்.

இவ்வளவு அவசியமான பொருள் நம் படையினருக்கு எப்படிக் கிடைத்தது என்ற வரலாறு மனத்தை வருத்தும். 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலில் மராட்டியக் காவல்துறை அதிகாரி ஹேமந்த் கர்கரே உயிரிழந்தார். அவர் அணிந்திருந்த அங்கி பின்னர் காணாமற்போனது பற்றி அவருடைய மனைவி கவிதா கர்கரே பகிரங்கமாகக் கேள்வி எழுப்பினார். மறு ஆண்டு, 2009-இல், தரைப்படைக்கு 1,86,138 குண்டு துளைக்காத அங்கிகள் வேண்டுமென்று கோரிக்கை எழுந்தது. சோதனைகள் நடந்தன, தேறாதவை கழிக்கப்பட்டன, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். இடைக்கால ஏற்பாடாக 2016-இல் 50,000 அங்கிகளுக்கு ஆணை கொடுத்தார்கள். முழு எண்ணிக்கைக்கான ஒப்பந்தம், ரூ. 639 கோடி மதிப்பில், கையெழுத்தானது 2018 ஏப்ரலில். திருவிடந்தையில் பந்தல் போட்டிருந்த அதே மாதம். கோரிக்கைக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. ஒரு பிள்ளை பிறந்து நான்காம் வகுப்புக்குப் போகிற காலம்.

குண்டு துளைக்காத அங்கிக்கென்று நம் நாட்டுக்கே உரிய தர அளவுகோலும் அந்த ஆண்டில்தான் வந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட அதன் எண் 17051. அதுவரை வெளிநாட்டு அளவுகோல்களைச் சார்ந்திருந்தோம். நம் எல்லையில் பறக்கும் குண்டுக்கும் அவர்கள் ஊர்க் காவலர் எதிர்கொள்ளும் குண்டுக்கும் வேறுபாடு உண்டல்லவா? எடையைக் குறைக்கும் முயற்சியும் தொடர்கிறது. 2024 செப்டம்பரில் டி.ஆர்.டி.ஓ.வும் டெல்லி ஐ.ஐ.டி.யும் சேர்ந்து அறிவித்த ‘அபேத்’ என்னும் அங்கியின் குறைந்தபட்ச எடை 8.2 கிலோ. ஒன்றரை, இரண்டு கிலோ குறைந்ததற்கு இத்தனை ஆரவாரமா என்று கேட்பவர்கள், ஒரு நாள் முழுவதும் இரண்டு கிலோ சர்க்கரையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மலையேறிப் பார்க்கலாம்.

கவசத்தை விடவும் எளிய பொருள்களின் கதை இன்னும் விசித்திரமானது. சியாச்சின் பனிமலையில் நம் படை 1984 முதல் நிற்கிறது. அத்தகைய உயரமான இடங்களில் நிற்போருக்கான உடை, காலணி பற்றித் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆய்வு செய்த அறிக்கை 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. பனிக்கண்ணாடிக்கும் பல்நோக்குக் காலணிக்கும் கடும் பற்றாக்குறை இருந்ததையும், 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை காலணி வழங்கப்படாததால் பழையவற்றையே செப்பனிட்டு மாட்டிக்கொண்டதையும் அந்த அறிக்கை சொல்கிறது. ஏவுகணை வாங்குவது தாமதமானால் நாளிதழ்களில் தலையங்கம் வரும். காலணி தாமதமானதற்கு யார் எழுதினார்கள்? திருவிடந்தைப் பந்தலில் காலணி வைத்திருந்த மேசைக்கு முன்னால் ஆள் இல்லாததை நான் பார்த்துவிட்டு வந்தவன். அறிக்கையைப் படித்தபோது வியப்பு ஏற்படவில்லை.

காலணி என்றதும் நம் சமுதாயத்தவர் பெரும்பங்கு வகித்த ஒரு தொழில் நினைவுக்கு வருகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் மண்டிகளின் பெயர் உலகப் போர்க் காலத்திலேயே கடல்கடந்தது. சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையிட்டுப் பதப்படுத்திய மாட்டுத்தோலை, முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் போர்த்துறை சிப்பாய்களின் காலணி மேற்புறத்துக்காக மூட்டை மூட்டையாக வாங்கியது. அதே பிரிட்டிஷ் படை, போயர் யுத்தத்தில் தன் தோல் கச்சைகள் சரிப்படவில்லையென்று கண்டு, 1908-இல் பருத்தி நாடாவால் நெய்த கட்டுகளுக்கு மாறியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் நம் நாட்டுச் சிப்பாய்கள் அணிந்தவை 1937-ஆம் ஆண்டு மாதிரி நாடாக் கட்டுகள். தோலிலிருந்து பருத்திக்கும், பருத்தியிலிருந்து நைலானுக்கும் பொருள் மாறியதே தவிர, தோளும் இடுப்பும் மாறவில்லை.

எங்கள் சமவெளியும் படைக்கலத்துக்குப் புதிதன்று. சேலத்தை ஒட்டிய கஞ்சமலையின் இரும்புத்தாது பழங்காலந்தொட்டே பெயர்பெற்றது. 1830-களில் ஜோசியா ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்துத் தாதுவை நம்பியே பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். சங்ககிரி மலைக்கோட்டை திப்பு சுல்தானின் படைக்கு நிலையமாக இருந்து, 1792 உடன்படிக்கைக்குப் பின் கம்பெனியின் கைக்குப் போனது. அங்கேதான் 1805-இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டார்கள். இவை பாடப்புத்தகச் செய்திகள். அதிகம் சொல்லத் தேவையில்லை.

2018 பிப்ரவரியில் மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் இரண்டு பாதுகாப்புத் தொழில் வழித்தடங்களை அறிவித்தார்கள். ஒன்று உத்தரப் பிரதேசத்துக்கு, மற்றொன்று தமிழ்நாட்டுக்கு. 2019 ஜனவரி 20 அன்று திருச்சியில் தமிழ்நாட்டு வழித்தடத்தைத் தொடங்கிவைத்தபோது, சென்னை, ஓசூர், கோவை, திருச்சி என்ற பெயர்களோடு சேலத்தின் பெயரும் இருந்தது. எங்கள் பக்கத்துக் கடைசல் பட்டறைக்காரர்களும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணற்று வண்டி கட்டுகிறவர்களும் கொஞ்ச நாள் அதையே பேசினார்கள். பீரங்கிக்கு உறுப்பு செய்யலாம், டாங்கிக்குச் சக்கரம் செய்யலாம் என்றெல்லாம் பேச்சு. பையும் வாரும் தைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

அண்ணன் அதை ஏற்கவில்லை. “ஆயுத வியாபாரத்துல நமக்கு என்ன வேலை? அத்தா காலத்துல இருந்து மழைக்கு மறைப்புத் தைச்சுச் சாப்பிட்டோம். ஒருத்தன் உயிரை எடுக்கிற காரியத்துல வர்ற காசு வீட்டுக்குள்ள வர வேண்டாம்” என்றார். அண்ணன் நிதானமானவர். அவர் சொன்னதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பாரிஸ் அருகே இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் யூரோசேட்டரி, லண்டனில் நடக்கும் டி.எஸ்.இ.ஐ., அபுதாபியில் 1993 முதல் நடந்துவரும் ஐடெக்ஸ் என்று உலகில் இத்தகைய சந்தைகள் பல. ‘போர்க்களத்தில் சோதிக்கப்பட்டது’ என்பது அங்கெல்லாம் ஒரு விளம்பர வாசகம். யார்மேல் சோதித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. காஸாவில் குழந்தைகள் மடிந்துகொண்டிருந்த 2024-ஆம் ஆண்டில், பிரெஞ்சு அரசு இஸ்ரேலிய நிறுவனங்கள் யூரோசேட்டரியில் அரங்கு வைக்கக் கூடாது என்றது. கண்காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே பாரிஸ் நீதிமன்றம் ஒன்று அந்தத் தடையை நிறுத்தச் சொன்னது. திருவிடந்தையிலும் இஸ்ரேலிய நிறுவனங்கள் அரங்கு வைத்திருந்தன; நான் அந்தப் பக்கம் போகவில்லை. அண்ணனின் தயக்கத்துக்கு இவையெல்லாம் சாட்சிகள்.

ஆனால் அக்காவின் கேள்வியும் ஒரு பக்கம் நின்றது. நபி தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மிருதுவாக்கித் தந்ததாகவும், போர்க்கவசம் செய்யும் தொழிலைக் கற்பித்ததாகவும், வளையங்களை அளவாகக் கோக்கும்படி பணித்ததாகவும் திருமறையின் 21, 34-ஆம் அத்தியாயங்கள் கூறுவதை வாசகர்கள் அறிவார்கள். அங்கே பேசப்படுவது உடம்பைக் காக்கும் சட்டை. பள்ளிவாசலில் ஆலிம் ஒருவரிடம் அண்ணனும் நானும் சேர்ந்தே போய்க் கேட்டோம். அவர் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. கவசம் செய்வதும் ஒரு நபி செய்த தொழில்தான் என்பதை நினைவூட்டிவிட்டு, எதைத் தைப்பது, யாருக்குத் தைப்பது என்பதை முதலிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள் என்றார். அண்ணன் அப்படியே ஒரு தாளில் எழுதினார். பை, வார், மழையுறை, தண்ணீர்ப் புட்டியின் உறை. துப்பாக்கி ரவை வைக்கும் உறை வேண்டாம். நம் நாட்டுப் படைக்கும் காவலருக்கும் மட்டும், ஏற்றுமதிக்கு வேண்டாம். பட்டியலின் சில வரிகளில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஆயினும் அவர் மூத்தவர், கையெழுத்துப் போட்டேன்.

விருப்பம் மட்டும் போதாது என்பது பிறகுதான் விளங்கிற்று. மத்திய அரசுத் துறைகளும் நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்கவேண்டும் என்று விதி இருக்கிறது. 2012-இல் 20 விழுக்காடாக வந்து, 2018-இல் 25 ஆக உயர்ந்தது. அதில் 3 விழுக்காடு பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு. ஒப்பந்தப்புள்ளிக்கான முன்வைப்புத் தொகையிலும் சலுகை உண்டு. நம் வீட்டுப் பெண்கள் தையல் தெரிந்தவர்கள். இந்த விதியைப் பற்றி விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் சோதனை என்று ஒரு கதவு இருக்கிறது. படைக்கான துணி கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்தால் மட்டும் போதாது. இரவில் பார்க்கும் கருவிகள் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பார்க்கும். சாதாரணச் சாயம் தோய்த்த துணி அந்த ஒளியில் வெளுத்துப் பளிச்சென்று தெரியும். இலைதழைகள் அந்த ஒளியை எவ்வளவு எதிரொளிக்கின்றனவோ அவ்வளவே துணியும் எதிரொளிக்கும்படி சாயம் ஏற்றவேண்டும். பக்கத்துச் சாயப்பட்டறையில் கேட்டால் பச்சை எத்தனை விதம் வேண்டும் என்பார்களே தவிர, இதை அளக்கும் கருவி அங்கே இருக்காது. கோவையில் சிட்ரா போன்ற நிலையங்களைத் தேடித்தான் போகவேண்டும்.

ஆவடியில் 1961 முதல் படையினருக்கு உடை தைத்துவருகிற தொழிற்சாலை ஒன்று உண்டு. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகளையெல்லாம் ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது, அது ‘ட்ரூப் கம்ஃபர்ட்ஸ்’ என்ற நிறுவனத்தின்கீழ் வந்தது. 2022 ஜனவரி 15, படைநாள் அணிவகுப்பில் அறிமுகமான புதிய போர்ச்சீருடையின் துணி, 70 பங்கு பருத்தியும் 30 பங்கு பாலியெஸ்டரும் கலந்தது என்று படித்தபோது, எங்கள் பகுதித் தறிகளுக்கு இது எட்டாத கனியன்று என்று தோன்றியது. அவ்வாண்டு அக்டோபரில் காந்திநகரில் நடந்த டெஃப் எக்ஸ்போவில் இந்திய நிறுவனங்கள் மட்டுமே கலந்துகொண்டன. என்னால் போக முடியவில்லை. கடையை விட்டு அவ்வளவு தூரம் போவதற்கு அண்ணனும் சம்மதித்திருக்க மாட்டார்.

நேரடியாக ஒப்பந்தம் எடுக்கும் தகுதி எங்களுக்கு இன்னும் வரவில்லை. வெளியூர் நிறுவனம் ஒன்று, துணியும் நாடாவும் சோதனைச் சான்றும் அவர்கள் பொறுப்பில் வைத்துக்கொண்டு, முதுகுப்பையின் வார்களையும் மழையுறைகளையும் தைத்துத்தர எங்களைக் கேட்டது. அண்ணன் தம் தாளை எடுத்து அவர்களிடம் காட்டிவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். நான்கு இயந்திரங்களில் ஒன்று அந்த வேலைக்கு. அக்காவும் இரண்டு உறவுப் பெண்களும் வீட்டிலிருந்தபடியே நாடா முனைகளை மடித்து ஊசி குத்தி வைக்கிறார்கள். ஒரு முனைகூடச் சுட்டு விடுவதில்லை. கூலி தார்ப்பாயைவிடக் குறைவு. பணம் வரத் தாமதமாகிறது. தார்ப்பாய் இல்லாவிட்டால் இந்த வேலையை எங்களால் தாங்க முடியாது என்பதை இதே வழியில் இறங்க நினைக்கும் அன்பர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

அக்கா மகன் இப்போது வேறொரு பிரிவில், வேறொரு மலையில் இருக்கிறான். 2017-இல் நான் தைத்துக் கொடுத்த பையை அவன் ஐந்து ஆண்டுகள் சுமந்துவிட்டு, புதிதாகச் சேர்ந்த ஒரு பையனிடம் கொடுத்துவிட்டானாம். இடப்பக்க வார் முதலில் தளர்ந்ததாம். வலப்பக்கம் கடைசிவரை அசையவில்லையாம். துப்பாக்கியை இடத்தோளில் மாட்டுகிறவன் அவன். அந்தப் பக்கத்து வாரில் துணியை மூன்றாக மடித்தால் என்ன என்று அண்ணன் கேட்டார். கணக்கு நோட்டில் இதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி, அடுத்த விடுப்பில் அவன் வரும்போது கேட்கவேண்டியவற்றை அவரே எழுதிவைத்துக்கொண்டிருக்கிறார்.